உஷார்! கேமரா கழித்துவிட்ட விவரம் திரும்ப வராது

கல்யாணம், வளைகாப்பு, குலதெய்வக் கோயில் பயணம் என்று ஏதாவது விசேஷத்துக்காகப் புதிதாக ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறீர்களா? பெட்டியைப் பிரித்த கையோடு படமெடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்! முதலில் மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடிக் குறைந்திருந்தால் பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். எடுக்கும்போதே பதிவாகாமல் போன விவரத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. ஆகவே இந்த ஐந்தையும் இன்றே பாருங்கள்.

படத்தின் அளவு: கார்டில் நிறையப் படம் பிடிக்குமே என்று சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய ஆபத்து. 640×480 அளவில் எடுத்த படத்தில் இருப்பது சுமார் 3 லட்சம் பிக்சல். சாதாரண 4×6 அங்குலப் பிரிண்ட் துல்லியமாக வர 1800×1200, அதாவது 21 லட்சத்துக்கும் மேல் வேண்டும். ஆல்பத்தில் பெரிதாகப் போட நினைத்தால் கேட்கவே வேண்டாம். அளவு 'லார்ஜ்', தரம் 'ஃபைன்' என்றே வையுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு கார்டு வாங்குங்கள்.

16:9 வடிவம்: பெரும்பாலான சின்ன கேமராக்களின் சென்சார் 4:3 வடிவம் கொண்டது. 16:9 வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். 12 மெகாபிக்சல் கேமரா 9 மெகாபிக்சலாகிவிடும். குரூப் போட்டோவில் வெட்டுப்படுவது யாருடைய காலோ, தலையோ!

டிஜிட்டல் ஜூம்: உடனே அணைத்துவிடுங்கள். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவதுதான் உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூம் நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஊதிக் காட்டுகிறது. இரண்டு மடங்கு வைத்தாலே நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான் மிஞ்சும்.

தேதி முத்திரை: இதை 'ஆன்' செய்தால் தேதி படத்தின் மேலேயே பதிந்துவிடும். குழந்தையின் முகத்தை ஒட்டி விழுந்த எண்களைச் சுவடில்லாமல் நீக்குவது பெரும்பாடு. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்தாலே போதும். ஒவ்வொரு கோப்பிலும் தேதியும் நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவிடும். பேட்டரியை நாள்கணக்கில் வெளியே எடுத்து வைத்திருந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கலாம், கவனம்!

ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்): பல சின்ன கேமராக்களின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மங்கலான மண்டபத்தில் 'ஆட்டோ' தன்னிஷ்டத்துக்கு 3200 வரை ஏறினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகும். உச்சவரம்பை 800-ல் நிறுத்துங்கள். ஷட்டர் வேகம் குறைந்து படம் அசையும் என்பதால் கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். ஃபிளாஷை நம்பிப் பின்வரிசையில் நிற்காதீர்கள். அதன் வெளிச்சம் சில மீட்டர்தான் எட்டும். முன்வரிசைத் தலைகள் வெளுக்கும், மேடை இருண்டே கிடக்கும். எழுந்து கிட்டே போங்கள்.

எல்லாம் மாற்றியபின் வீட்டு விளக்கொளியில் சில படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். விசேஷத்தன்று காலையிலும் ஒருமுறை சரிபாருங்கள். பைக்குள் உரசி மேலே உள்ள டயல் வேறு 'மோடு'க்குத் திரும்பியிருக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் மெனுவைத் துழாவ முடியாது. இன்று இரவே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்!