முதுகு வளையலாம், மனச்சான்று வளையலாமா?

கிறித்தவர்கள் யோகாசனம் செய்யலாமா, கூடாதா? ஜூன் 21 நெருங்கினால் போதும், இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ‘செய்தே ஆக வேண்டும்’ என்று ஒரு பக்கம் அதட்டல்! ‘செய்தால் பாவம்’ என்று மறுபக்கம் அச்சுறுத்தல்!

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் யார்? கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் தாய். பஞ்சாலையில் நின்று நின்று கால் கடுத்த தோழன். கரிசல் காட்டில் குனிந்து பருத்தி எடுக்கும் அக்கா. பொழுதெல்லாம் குனிந்த முதுகு இரவிலே வலிக்கிறது. அந்த முதுகு கோயிலுக்குப் போகிறதா, மாதா கோவிலுக்குப் போகிறதா என்று பார்த்தா வலி வருகிறது?

யோகத்தில் மதமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை விரிக்கிறது. அதன் முடிவு சிவன். ஆனால் இன்று திடலிலே கற்றுத்தரப்படும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தவர் கிருஷ்ணமாச்சாரியார். அதற்குச் சற்று முன்பு, சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியவர் மராத்திய நாட்டு ஔந்து அரசர். உடலை வளைப்பது வேறு, மந்திரம் ஓதுவது வேறு. இரண்டையும் பிரிக்க முடியும்.

திருச்சபை என்ன சொல்கிறது? ஒரே குரலில் சொல்லவில்லை! 1989இல் கர்தினால் ராட்சிங்கர் — பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் — கையொப்பமிட்ட வாடிகன் மடல், உடற்பயிற்சியால் வரும் சுகத்தை ஜெபம் என்று எண்ணி மயங்காதீர் என எச்சரித்தது. ஆனால் கீழைநாட்டு முறைகளை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. 2018இல் கேரளத்துச் சீரோ மலபார் சபையின் கோட்பாட்டுக் குழு, யோகாவும் கிறித்தவமும் ஒத்துப்போகா என்றது. நம் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியிலோ, 1950இல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் நிறுவிய சாந்திவனம் இருக்கிறது. 1968 முதல் அங்கே காவி உடுத்தி வாழ்ந்தார் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ்.

காவி என்றதும் பழைய வழக்கொன்று நினைவுக்கு வருகிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தினார். மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள இடம் தந்தார். எதிர்ப்புக் கிளம்பியது, ரோமாபுரி வரை போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத சமுதாய வழக்கமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்றார். கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் காவி உடுத்தியவரே. காவி உடுத்தியபோது போகாத மதம், காலை மடக்கினால் போய்விடுமோ?

ஆனால் ஒன்றை மறவாதீர்! பூணூல் நுழைந்த வாசல் வழியே சாதியும் நுழைந்தது. ஆகவே ‘வழக்கம்தானே’ என்பது மட்டும் போதாது. அந்த வழக்கம் எவரைத் தாழ்த்துகிறது என்றும் கேட்க வேண்டும். மூச்சை இழுத்து விடுவது எவரையும் தாழ்த்தவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993இல் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தது. 2021இல் தடையை நீக்கியது — மந்திரமும் ‘நமஸ்தே’யும் கூடாது என்ற நிபந்தனையோடு! அங்கே தடை, இங்கே திணிப்பு. 2015இல் முதல் உலக யோகா நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு எங்கள் வழிபாட்டு நாளாயிற்றே என்று வடகிழக்குக் கிறித்தவர்கள் முறையிட்டார்கள். முசுலிம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் அரசு நிகழ்ச்சியிலிருந்து சூரிய நமஸ்காரம் கைவிடப்பட்டது. வெறும் உடற்பயிற்சி என்றால், விலக்கிக்கொள்ள வேண்டியது அதில் ஏன் இருந்தது?

1965இல் நாம் எதை எதிர்த்தோம்? இந்தியை விரும்பிப் படிப்பவன் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்தோமா? இல்லை! திணிப்பை எதிர்த்தோம். அதே அளவுகோல்தான் இங்கும். தேசியகீதத்தின்போது எழுந்து நின்றும், சமய நம்பிக்கையால் பாடாதிருந்த கேரளத்துக் கிறித்தவப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நாட்டுப்பண்ணுக்கே மனச்சான்று விலக்கு உண்டென்றால், ஆசனத்துக்கு இல்லையா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். கிறித்தவத் தோழர் விரும்பினால் ஆசனம் செய்யட்டும்; மந்திரத்தை விட்டுவிடட்டும். அதற்காக அவரைப் பாவி என்று எவரும் ஏச வேண்டாம். விரும்பாவிட்டால் ஹாக்கி மட்டையை எடுக்கட்டும், சிலம்பம் சுற்றட்டும், சும்மா நடக்கட்டும். அதற்காக அவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று எவரும் ஏச வேண்டாம். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருக்கும் வரையில்தான் அது உடற்பயிற்சி. அந்த உரிமை போனால், அது மதம் அல்லது ஆதிக்கம்!

இன்னொன்றும் கேட்போம். ஆசனம் என்றால் இருக்கை என்றும் பொருள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் செய்தது தமிழ்நாடு. பத்மாசனம் போதிப்போரே, குனிந்தே தேய்ந்த தொழிலாளிக்குச் சாய்ந்து உட்கார ஓர் ஆசனம் வாங்கித் தர நீங்கள் தயாரா?