மறைத்த கடனும் பத்து நிமிட எழுத்தும்

மாகிம் கோயிலில் புதன்கிழமை நவநாளுக்குச் சேர்ந்து வரும் தம்பதிகளில், வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் இருக்கலாம். காரணம் எப்போதும் மூன்றாவது ஆள்தான் என்பதில்லை. மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய வட்டிக் கடனும், கணவருக்குச் சொல்லாமல் அடகுக் கடைக்குப் போன வளையலும் குடும்பத்தைப் பிளந்துவிடும்.

"பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேனே" என்பார் கணவர். ஆண்டவர் மன்னித்தது சரி. மனைவி பார்ப்பது அடுத்த மாத பாங்கிப் பாஸ்புக்கை அல்லவா!

ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் கபிரியேல் கால்வோ 1962-ல் பார்சலோனாவில் 28 தம்பதிகளைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகள். அதிலிருந்து வளர்ந்த தம்பதியர் இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் பத்து நிமிடம் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். நோட்டை மாற்றிப் படித்து, பத்து நிமிடம் பேச வேண்டும். குற்றப்பத்திரிகை வாசிக்கக் கூடாது. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று எழுதலாம்.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இது மருந்தல்ல.

ஒற்றை அறைக் குடித்தனத்தில் தனிமைக்கு எங்கே போவது? பிள்ளைகள் தூங்கியபின் அடுப்படி மூலை போதும். கடனை மறைத்தவர் முதல் நாள் எழுத வேண்டியது உருக்கமான வசனமல்ல: யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, இன்னும் பாக்கி எத்தனை.