உங்களுக்குத் தெரியுமா? – ஒரே புல்லில் 5 சில்லைகள்

மார்கழி, தை மாதங்களில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும், திருவான்மியூரில் மிச்சமிருக்கும் காலிமனைகளிலும் புல் கதிர்விட்டு நிற்கும். அந்தக் கதிரைப் பிடித்துத் தொங்கும் குட்டிப் பறவைகளைச் சிட்டுக்குருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். அவை சில்லைகள். முனியா என்றும் சொல்வார்கள். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் 5 வகைச் சில்லைகளைப் பார்க்கலாம்.

சிட்டுக்குருவியின் முதுகில் கறுப்புக் கோடுகள் அழுத்தமாக இருக்கும். சில்லை அதைவிடச் சிறியது, 10 முதல் 12 சென்டிமீட்டர்தான். இந்த இரண்டைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நகருக்குள் அதிகம் கண்ணில் படுவது புள்ளிச் சில்லை. முகமும் தொண்டையும் கரும்பழுப்பு. மார்பிலும் வயிற்றிலும் மீன் செதில் அடுக்கியதுபோலக் கறுப்பு வெள்ளைக் கோலம். கூண்டுப் பறவையாகக் கப்பலேறிப் போய், இன்று ஹவாய், கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியாவிலும் தானாகப் பெருகி வாழ்கிறது.

வாலுக்குச் சற்று மேலே வெள்ளை தெரிந்தால் உடனே “வெண்முதுகுச் சில்லை” என்று எழுதிவிடாதீர்கள். வெண்தொண்டைச் சில்லைக்கும் அங்கே வெள்ளைதான். தொண்டையைப் பாருங்கள். வெண்முதுகுச் சில்லைக்குத் தொண்டையும் மார்பும் கறுத்திருக்கும், வயிறு வெளுத்திருக்கும்; தோட்டங்களிலும் மர நிழலிலும் வரும். வெண்தொண்டைச் சில்லைக்கோ தொண்டையும் வயிறும் வெளுப்பு, முதுகு மணல் நிறம், வெள்ளித் தகட்டு நிற அலகு, நீண்டு கூர்த்த கறுப்பு வால்; வறண்ட வெட்டவெளியையும் முட்புதரையும் விரும்பும். ஆப்பிரிக்காவில் இதற்கு அச்சு அசலாக ஒரு சகோதர இனம் உண்டு. அதற்கு வாலடி கறுப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் அதுதான்.

கருந்தலைச் சில்லைக்கு விளக்கமே வேண்டாம்: கறுப்புத் தலை, செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, அதன் நடுவே கறுப்புத் திட்டு. பள்ளிக்கரணைச் சதுப்பில் சம்பும் நாணலும் அடர்ந்த இடங்களில் தேடுங்கள்.

சிவப்புச் சில்லையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் செக்கச்செவேல் என்று வெள்ளைப் புள்ளிகளுடன் இருக்கும். பருவம் முடிந்ததும் அந்த நிறத்தை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். சில்லைக் குடும்பத்தில் இப்படி வேடம் மாற்றும் பறவை மிக அரிது. மாறிய பிறகும் சிவந்த அலகும் சிவந்த வாலடியும் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான சிக்கல் இளம் பறவைகளில்தான். புள்ளிச் சில்லையின் குஞ்சுக்கு மார்பில் செதிலே கிடையாது. கருந்தலைச் சில்லையின் குஞ்சுக்குக் கறுப்புத் தலை கிடையாது. இரண்டும் வெறும் பழுப்பு. வளர்ந்த கருந்தலைச் சில்லையின் அலகு நீலம் கலந்த சாம்பல் நிறம். ஆனால் குஞ்சு வயதில் அந்த அடையாளமும் தெளிவாக இருக்காது. பக்கத்தில் இருக்கும் பெரிய பறவைகளை வைத்து ஊகிக்கலாமே என்றால், சில்லைகள் கலந்தும் மேய்கின்றன. பொறுத்திருந்து பார்த்தால், இறகு மாற்றும் சில இளம் பறவைகளின் மார்போரத்தில் இரண்டு மூன்று செதில் அரும்பியிருப்பது தெரியும். தெரியாவிட்டால் “சில்லை, இனம் தெரியவில்லை” என்று குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட பதிவும் முறையான பதிவுதான். ஊகித்து எழுதிய பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

புள்ளிச் சில்லையில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். பாடுவது ஆண். அந்தப் பாட்டும் மிக மெல்லியது: அலகு அசையும், தொண்டை துடிக்கும், சில அடி தள்ளி நிற்பவருக்கு எதுவும் கேட்காது.

வெண்முதுகுச் சில்லையின் வழிவந்த வளர்ப்புப் பறவை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து கொண்டுபோய் வளர்த்தார்கள். நிறத்துக்காகவும் குஞ்சு வளர்க்கும் திறனுக்காகவும்தான் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ஆனால் அதன் பாட்டு, காட்டில் வாழும் உறவினரின் பாட்டைவிடச் சிக்கலானதாக மாறியிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கஸுவோ ஒகனோயா இதை விரிவாக ஆராய்ந்தார். பறவைகள் பாட்டை எப்படிக் கற்கின்றன என்ற ஆய்வுக்கு இன்று இது முக்கியமான பறவை.

தடித்த அலகைப் பார்த்துச் சில்லைகளை ஃபின்ச் என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் அவை ஃபின்ச் குடும்பமே அல்ல. சிட்டுக்குருவி ஒரு குடும்பம், தூக்கணாங்குருவி வேறொன்று, சில்லை இன்னொன்று. விதை உடைக்கும் தடித்த அலகு இவை எல்லாவற்றுக்கும் பொது, ஏமாற்றுவதும் அதுதான். அலகை நம்பி டார்வினே ஏமாந்தார், ஆனால் நேர்மாறாக. கலாபகஸ் தீவுகளில் 1835-இல் சேகரித்த பறவைகளை அவர் தொடர்பில்லாத பல வகைகளாக எண்ணியிருந்தார். அவை நெருங்கிய உறவினர்கள் என்று 1837-இல் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்டு. அந்த ‘டார்வின் ஃபின்ச்’களும் இன்றைய வகைப்பாட்டில் டானேஜர் குடும்பம். அசல் ஃபின்ச்சைப் பார்க்க விரும்பினால், குளிர்காலத்தில் நீலகிரிக்குப் போங்கள். வடக்கிலிருந்து வரும் ரோஸ்ஃபின்ச் அங்கே கிடைக்கும்.

தூக்கணாங்குருவி கைவிட்ட கூட்டை வெண்தொண்டைச் சில்லை குடியிருக்க எடுத்துக்கொள்வது உண்டு. அதனால் கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தலையை நம்பிப் பெயர் சொல்லுங்கள், கூட்டை நம்பி அல்ல. சில்லை தானே கட்டும் கூடு, புல்லை உருண்டையாகத் திணித்ததுபோல ஒழுங்கற்று இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டும்.

காலிமனைப் புல்லைக் கதிர் முற்றுமுன் மழித்துவிட்டால் சில்லைக்கு அங்கே வேலையில்லை. விதைதான் அதன் பிரதான உணவு.

சந்தைகளில் பச்சை, மஞ்சள், ஊதா நிறச் ‘சில்லை’ விற்றால், பெரும்பாலும் அது சாயம் பூசிய புள்ளிச் சில்லை. பச்சைச் சில்லை என்ற இனம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ராஜஸ்தானின் அபு மலை போன்ற இடங்களில் வாழ்வது. இரண்டையுமே பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அதற்கும் 12 ஆண்டுகள் முன்பே, 1960-இல், விலங்குவதைத் தடைச் சட்டம் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதன் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது டெல்லியில் அல்ல, திருவான்மியூர் வால்மீகி நகரில்.