புக்கோ கத்தியின் உறை

பின்லாந்தின் புக்கோ கத்தியில் கைவினைஞரின் திறமையை அலகில் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும். மீதி உறையில் இருக்கிறது. பட்டனோ வாரோ இல்லாமலே கத்தி அதில் நிற்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை நனைத்து, பிடியின் பாதிக்கு மேல் மூடும்படி அழுத்தித் தைத்துக் காயவிட்டால், தோல் பிடியின் வடிவத்திலேயே இறுகிவிடும். கூர்முனை தோலை அறுத்துவிடாதா? அதற்காகத்தான் உள்ளே மரக்கூடு வைக்கிறார்கள். பிடிக்கும் அலகுக்கும் இடையே கைக்காப்பு இல்லாதது ஆபத்தில்லையா என்பது இன்னும் நியாயமான கேள்வி. குத்துவதற்கு ஆபத்துதான், ஆனால் இது மரம் சீவவும் மீன் அரியவும் ஆன கருவி. காப்பு வைத்தால் விரல் அலகை நெருங்காது, கத்தியும் உறைக்குள் இத்தனை ஆழம் இறங்காது. ஈரத்தோல் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை: நனைந்தால் இரண்டையும் தனித்தனியே உலர்த்தத்தான் வேண்டும்.