ஓசூர் ஆலைக்கு ஓப்பன்ஷிஃப்ட்: எந்த வழியில் இன்ஸ்டால் செய்வது?

ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். அசெம்பிளி லைனில் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு பாகத்தின் கணக்கையும் பார்க்கும் மென்பொருள், இனி கன்டெய்னர்களில் ஓடப்போகிறது. அவற்றை மேய்க்க ரெட் ஹேட்டின் ஓப்பன்ஷிஃப்ட் வாங்கியாயிற்று. கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டிஸ்தான் இதன் அஸ்திவாரம். எந்த முறையில் நிறுவுவது என்பதில்தான் ஐ.டி. டீமுக்குள் சண்டையே ஆரம்பிக்கும்.

கிளவுட் என்றால் ஐ.பி.ஐ. முறை சுலபம். சர்வர், லோட் பேலன்சர், டி.என்.எஸ். எல்லாவற்றையும் இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். பின்னாடி சர்வர் கூட்டணும்னா ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆனால், பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான் என்றாலும், அமேசானின் கிளவுட் ரீஜியன்கள் இருப்பது மும்பையிலும் ஐதராபாத்திலும். சாலைப் பணியில் கேபிள் அறுந்தால் லைன் நின்றுவிடும். அதனால் சர்வரை ஆலைக்குள்ளேயே வைக்கத் தோன்றுவது நியாயம்தான்.

அங்கே ஒரு வழி யு.பி.ஐ. (டீக்கடையில் ஸ்கேன் பண்ணுகிற யு.பி.ஐ. இல்லைங்க!) இதில் டி.என்.எஸ்., லோட் பேலன்சர் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. கூடவே தற்காலிகமாக ஒரு பூட்ஸ்ட்ராப் சர்வரும் வேண்டும். டி.என்.எஸ்.ஸில் ஒரு பெயர் தப்பினாலும் வேலை பாதியில் நிற்கும். நெட்வொர்க் டீம் வலுவாக உள்ள பெரிய நிறுவனங்களுக்கு இது சரிப்படும்.

நாலைந்து சர்வர் மட்டும் உள்ள ஆலைக்கு, 2023 ஜனவரியில் வந்த 4.12 பதிப்பு முதல் முழு ஆதரவோடு கிடைக்கும் ஏஜென்ட் முறையே பொருத்தம். ஓர் ஐ.எஸ்.ஓ. ஃபைலைத் தயாரித்து, அதிலிருந்து சர்வர்களை பூட் செய்ய வேண்டும். தனி பூட்ஸ்ட்ராப் சர்வர் தேவையில்லை; மூன்று கன்ட்ரோல் சர்வர்களில் ஒன்றே அந்த வேலையைப் பார்க்கும். கன்டெய்னர் இமேஜ்களை உள்ளூரில் நகலெடுத்து வைத்தால் இணையமே வேண்டாம்.

எந்த முறையானாலும் மூன்று கன்ட்ரோல் சர்வர்களில் ஒன்று விழுந்தால் தாங்கும். இரண்டு விழுந்தால் கிளஸ்டர் செயலிழக்கும். மூன்றையும் ஒரே ரேக்கில், ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டினால் மூன்று வாங்கியும் பயனில்லை.

முதல் சான்றிதழ்களுக்கு ஆயுள் 24 மணி நேரம்தான். சனிக்கிழமை சாயங்காலம் நிறுவி, கையோடு பவரை அணைத்துவிட்டு, திங்கட்கிழமை போட்டால் கிளஸ்டர் தானாக எழுந்திருக்காது. நிலுவையில் நிற்கும் சான்றிதழ் கோரிக்கைகளை ஒருவர் உட்கார்ந்து கையால் அனுமதிக்க வேண்டியிருக்கும்.