கருவிகளின் கதை – 14: தாய்க்கல்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் மல்லிகை மூட்டை பிரிப்பதைப் பாருங்கள். தட்டில் பூ விழுந்ததும் மின்னணுத் தராசில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லி. கிராமுக்குக் கிராம் காசு. பழைய தராசில் படிக்கல் கண்முன்னே இருந்தது. தேய்ந்திருந்தால் கையிலெடுத்துக் கேட்கலாம். இதில் கல் எங்கே?

உள்ளே, வோல்ட்டாக இருக்கிறது. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. சில்லுகளில் பரவலான ஒரு வகை, கடைக்காரர் எடை போடுவதைப் போலத்தான் வேலை செய்கிறது. முதலில் பாதிக் கல்லை வைக்கும். வந்த மின்னழுத்தம் கூடுதலா? கல் இருக்கட்டும், கால் கல்லைச் சேர். குறைவா? எடுத்துவிட்டுக் கால் கல்லை வை. 10 பிட் என்றால் பத்து முறை. அத்தனை கல்லும் ஒரே தாய்க்கல்லை உடைத்துச் செய்தவை. அதுதான் ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ். அது குறைந்தால் எல்லா எண்ணும் ஏறும்.

மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் அர்டுயினோ ஊனோவில், நாம் வேறு சொல்லாதவரை 5 வோல்ட் சப்ளையே கல். எல்.எம். 35 வெப்பமானி டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அக்கினி நட்சத்திர நண்பகலில் நிழலில் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்: 0.4 வோல்ட். மெலிந்த யு.எஸ்.பி. ஒயரால் சப்ளை 4.6 வோல்ட்டாக இறங்கினால், அதை 5 என்றே நம்பும் புரோகிராம் 43.5 டிகிரி என்று காட்டும். சென்சார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் பூக்கடைத் தராசின் பேட்டரி ஓரளவு இறங்கினாலும் எடை மாறாது. காரணம் அழகானது. பாரத்தை உணரும் லோடுசெல், தனக்குக் கொடுத்த ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழுப் பாரத்தில் சுமார் 2 மில்லிவோல்ட் திருப்பித் தரும். அதே சப்ளையையே கல்லாகவும் வைத்துவிடுகிறார்கள். பூவும் கல்லும் சேர்ந்தே இறங்குகின்றன; விகிதம் அப்படியே நிற்கிறது.

எல்.எம். 35க்கு அந்தத் துணை இல்லை. அதற்கு அசையாத கல் வேண்டும். சூடேறினால் குறையும் ஒரு மின்னழுத்தத்தையும் கூடும் ஒன்றையும் சேர்த்துச் சமன்செய்யும் பேண்ட்கேப் முறை அதற்காகவே வந்தது. 1971இல் பாப் விட்லர் அதைச் சில்லாக்கினார். ஊனோவுக்குள்ளும் 1.1 வோல்ட்டில் அப்படியொரு கல் உண்டு. சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறும் என்பதால், நல்ல மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்து அந்த எண்ணைப் புரோகிராமில் எழுத வேண்டும். கேலிப்ரேஷன் என்பது அதுதான்.

காலையில் சரிசெய்த கல் மத்தியானம் நகராதா? நகரும். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு நகரும் கல், 27 டிகிரியிலிருந்து 40க்குப் போனால் மொத்தம் 650 பங்கு தள்ளியிருக்கும். 10 பிட்டில் அது ஒரு படிகூட இல்லை. 16 பிட்டில், முழு அளவில், 43 படி! பிட் கூடிய சில்லு வாங்கிவிட்டுக் கல்லில் காசு மிச்சம் பிடிப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, அந்த மல்டிமீட்டருக்குள் இருக்கும் கல்லை யார் சோதித்தது? அதைச் சோதித்த ஆய்வகத்தின் கல்லை? ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கடுங்குளிரில் கிடக்கும் ஜோசப்சன் சந்திகளில் போய் நிற்போம். அடுத்த வாரம் அங்கே போவோம்.

– தொடரும்