விடை முற்றும் கண்ட கணக்குகள்

யூபிலி மலருக்கு விஞ்ஞானக் கட்டுரையொன்று எழுதுக என மலராசிரியர் பணித்தபோது, நம் நினைவு முதற்கண் சென்றது பழைய கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கே. பயிற்சிக் கணக்குகள் அனைத்துக்கும் அங்கே விடை அச்சிடப்பெற்றிருந்தது. கணக்கைத் தொடுமுன் விடையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வழியை வளைத்து ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொண்டோர் நம்முள் பலர். இயற்கை என்னும் புத்தகத்திற்கோ அத்தகைய கடைசிப் பக்கங்கள் இல்லை. அதிலுள்ள கணக்குகளிற் பெரும்பாலானவற்றுக்கு அண்ணளவான விடையே மனிதனுக்குக் கிட்டியுள்ளது. ஐதரசன் அணுவிலே சுழலும் இலத்திரன் ஒன்றே. சொட்டுப் பொறிமுறையின் சமன்பாட்டைக்கொண்டு அதன் சத்திநிலைகளை முற்றாகத் தீர்த்துவிடலாம். அடுத்த மூலகமாகிய ஈலியத்தில் இலத்திரன்கள் இரண்டு. அவை ஒன்றையொன்று தள்ளுவதனால், அதே சமன்பாடு முடிவான சூத்திரத்தைத் தர மறுக்கின்றது. எத்தனை தசமதானம் வேண்டுமாயினும் கணித்துக்கொள்ளலாம். ஆயினும் அது அண்ணளவேயாம்.

ஆயின், அண்ணளவின்றி இறுதிவரை தீர்க்கப்பெற்ற சில கணக்குகளும் உள. அவற்றிற் பல ஒற்றைப் பரிமாணத்தில், அஃதாவது ஒரு கோட்டின்மீது, நிகழ்பவை. காரணம் யாதெனின், நமது குச்சொழுங்கைகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும். அகன்ற வெளியில் நடப்போர் ஒருவரையொருவர் எவ்வாறும் சுற்றிச் செல்லலாம். ஒழுங்கையிலோ முன்னே வருபவரைச் சந்தித்தே தீரவேண்டும். கோட்டின்மீது செல்லும் துணிக்கைகளும் அத்தகையனவே. சில கணக்குகளிலே, பல துணிக்கைகளின் சிக்கல் முழுவதும் இவ்விரண்டாகச் சந்திக்கும் நிகழ்ச்சிகளின் தொடராகப் பிரிந்துவிடும். 1931 ஆம் ஆண்டிலே ஹான்ஸ் பெத்தே, கோடாக நிரைப்படுத்திய காந்த அணுக்களின் கணக்கை இவ்வழியில் தீர்த்தார். பின்வந்தோர் கையாண்ட முறைகள் பலவற்றுக்கு அதுவே வித்தாயிற்று.

இத்தகைய தீர்வு ஒரு நல்ல உரைகல். எனினும், எப்பொன்னை உரைக்கின்றோம் என்பதை மறத்தலாகாது. 1925 இல் ஏர்ணஸ்ட் ஈசிங் என்பார், கோட்டிலமைந்த காந்த மாதிரியைத் தீர்த்து, எவ்வெப்பநிலையிலும் அது தானாகக் காந்தமடையாது என நிறுவினார். அதில் பிழையில்லை. முப்பரிமாணத்திலும் அவ்வாறே நிகழும் என அவர் கருதியதே பிழையாயிற்று. 1944 இல் லார்ஸ் ஒன்சாகர் தளத்திலமைந்த மாதிரியை முற்றாகத் தீர்த்தபோது, குறித்த ஒரு வெப்பநிலைக்குக் கீழ் காந்தநிலை உண்டாவது ஐயமின்றித் தெளிவாயிற்று. அதுமட்டுமன்று, அவ்வெப்பநிலையை அணுகுங்கால் வெப்பக்கொள்ளளவு எல்லையின்றி உயரும் என்பதும் தெரியவந்தது. அக்காலத்து அண்ணளவு முறைகளோ ஆங்கு ஓர் எல்லையுள்ள பாய்ச்சலையே காட்டிவந்தன. முழுத்தீர்வு ஒன்று கைக்கு வரும்வரை அக்குறையைத் திட்டமாக அளந்தறிய வழியிருக்கவில்லை.

இத்துறையிலே நமது குடாநாட்டவர் ஒருவரும் பங்குகொண்டார் என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். அவர் பேராசிரியர் கிறிஸ்ரி ஜயரத்தினம் எலியேசர் (1918–2001). பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவர். நம் கல்லூரியினர் அல்லர். ஆயினும், அறிவுக்கு வேலி ஏது? கொழும்பிலே பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று, சொட்டுப் பொறிமுறையின் தந்தையருள் ஒருவரான போல் டிராக்கின்கீழ் ஆராய்ச்சி செய்தார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், மலாயாவிலும், அவுஸ்திரேலியாவின் லா ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

1938 இல் டிராக், கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்திற்கு ஒரு சமன்பாடு வகுத்திருந்தார். இது சொட்டுக் கொள்கை கலவாத பழைய முறையைச் சார்ந்தது. இளைஞரான எலியேசர் அச்சமன்பாட்டை மிக எளிய நிலையொன்றில் வைத்துப் பார்த்தார். ஓர் இலத்திரன், ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழுகின்றது, என்ன நிகழும்? ஈர்ப்பினால் சென்று சேரும் என்றே எவரும் சொல்வர். 1943 இல் வெளியான அவரது கட்டுரை நிறுவியதோ வேறு. அச்சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் அடையாது. இடைவழியில் நின்று, திரும்பி, ஈர்ப்பிற்கு எதிராக விலகி ஓடும்! இயற்கை இவ்வாறு நடவாது. ஆகவே பழுது சமன்பாட்டில் உள்ளது. தம் ஆசானின் சமன்பாட்டையே ஒரு கோட்டின்மீது நிறுத்திச் சோதித்த துணிவு எண்ணத்தக்கது.

அவரது பிற்கால ஆக்கமொன்று இன்னும் இனியது. அதனை விளக்க ஒரு கிணற்றடிக்குச் செல்வோம். கப்பியிற் கயிறு போட்டு வாளியை இழுக்கின்றோம். வாளி ஊசல்போல் ஆடுகின்றது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கயிறு குறுகுகின்றது. நீளம் மாறாத ஊசலின் கணக்கை நாம் கல்லூரியிற் செய்துள்ளோம். நீளம் மாறிக்கொண்டேயிருப்பின் யாது மாறாது நிற்கும்? 1911 இல் புருசெல்ஸ் நகரிற் கூடிய சொல்வே மாநாட்டிலே, ஊசலின் கயிற்றைக் குறுக்கினால் என்னாகும் என்ற வினாவை லோரன்ஸ் எழுப்பினார். மிக மெல்லக் குறுக்கினால் ஆட்டத்தின் சத்தியை மீடிறனால் வகுக்க வரும் ஈவு மாறாது என ஐன்ஸ்ரைன் விடையிறுத்தார். கயிறு நாலில் ஒன்றாகக் குறுகின் மீடிறன் இருமடங்காகும். ஆட்டத்தின் சத்தியும் இருமடங்காகும். சொட்டுக் கொள்கைப்படி ஊசலின் சத்தி படிகளாக அமைவது. மெல்லக் குறுக்கினால் அது நின்ற படியை விட்டு நகராது என்பதே இதன் உட்கருத்து.

ஆனால் இவ்விதி மெல்ல இழுப்பவருக்கே செல்லும், அண்ணளவானது. அவசரமாக இழுத்தால்? 1967 இல் லூயிஸ் என்பவர், எவ்வேகத்தில் மாற்றினும் சிறிதும் மாறாத ஒரு கணியத்தைக் கண்டார். இதன் மூலம் 1880 இல் எர்மாக்கொவ் என்ற ருசியக் கணித அறிஞரின் ஆராய்ச்சியில் முன்னரே இருந்தது. கணியம் கிடைத்தது, சூத்திரமும் சரி. ஆயின் அதன் பொருள்தான் யாது?

1976 இல் எலியேசரும் கிரேயும் அதற்கு ஒரு விளக்கம் தந்தனர். செக்குச் சுற்றும் மாட்டைத் தொலைவிலிருந்து, நிலமட்டத்திற் கண்வைத்துப் பார்ப்பவனுக்கு அது ஒரு கோட்டில் இங்குமங்கும் போய்வருவதாகவே தோன்றும். சீராகச் சுற்றும் புள்ளியின் நிழல் எளிமை இசை இயக்கமாகும் என்பது நாம் வகுப்பிற் படித்ததே. நம் வாளியின் ஆட்டத்தையும் அவ்வாறே, ஒரு தளத்தில் மையத்தைச் சுற்றும் புள்ளியின் நிழலாகக் கருதுக. கயிறு குறுகுங்கால் மையத்தை நோக்கிய இழுவை மாறும்; பாதை வட்டமாக இராது; புள்ளி அணுகியும் அகன்றும் செல்லும். ஆயினும் இழுவை எக்காலும் மையத்தை நோக்கியே இருத்தலால், சமநேரத்திற் சமபரப்பைக் கடக்கும் என்ற கெப்ளரின் விதி பிழையாது. கோண உந்தம் மாறாது. லூயிஸ் கண்ட கணியம் மாறாதிருப்பதன் காரணம் இதுவே. கோட்டை மட்டும் நோக்கியவருக்குப் புதிராயிருந்தது, தளத்திலிருந்து நோக்கத் தெளிவாயிற்று.

இக்கணியம் சொட்டுப் பொறிமுறையிலும் நிலைபெறுகின்றது. மீடிறன் எவ்வாறு மாறினும் கணியத்தின் படிகள் மாறாமையால், கணக்கு முழுவதும் தீர்கின்றது. இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. மாறும் மின்புலத்தால் அயன்களைச் சிறைப்படுத்தும் பொறிக்காக வூல்ப்காங் பவுல் 1989 இல் நோபல் பரிசு பெற்றார். அச்சிறையில் ஆடும் அயன் நம் வாளியின் உறவினனே. 2010 இல், அடைபட்ட அணுக்களை வீண்சத்தி ஏறாது விரைந்து குளிர்விக்கும் உபாயம் ஒன்றும் இக்கணியத்தைக்கொண்டு வகுக்கப்பட்டது.

நம் தமிழரிடையே இம்மரபு அறுந்துவிடவில்லை. சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனத்திலிருந்து கோ. பாஸ்கரனும் உடனுழைத்தோரும் 2007 இல், கித்தாயெவ் வகுத்த தேன்கூட்டு வடிவத் தளமாதிரியின் காந்தச் சுழற்சிகள் காலத்தால் எவ்வாறு இயங்கும் என்பதற்கு முழுமையான விடை கண்டனர்.

இன்று கணனி நொடிப்பொழுதிற் கோடி எண்களைக் கணித்துத் தருகின்றது. அவ்வெண்களை நம்பலாமோ என்று சோதிப்பதற்கும் விடை முற்றும் கண்ட கணக்குகளே வேண்டப்படுகின்றன. ஆதலின் அவற்றின் பயன் குறையவில்லை, பெருகியேயுள்ளது. நம் கவலை வேறிடத்தது. முற்காலத்தில் நாம் களவாகப் பார்த்த கடைசிப் பக்கத்தை, இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சையின் பெயரால் நாமே மனனஞ் செய்விக்கின்றோம். விடையை மட்டும் அறிந்த பிள்ளை, விடை அச்சாகாத கணக்கின்முன் திகைத்து நிற்கும். எலியேசரின் வினாக்களுக்கு விலையுயர்ந்த கருவி யாதும் வேண்டியிருக்கவில்லை. தாளும் பென்சிலும், ஒரு சிறு கணக்கை முடிவுகாணும்வரை விடாத பொறுமையுமே வேண்டியிருந்தன. அவை நம் கல்லூரியில் என்றும் அரிதாயிருந்ததில்லை. பழைய மாணவராகிய நாம், கட்டடங்களுக்கு உதவுவதோடு, பரீட்சைக்கு வாராத கணக்கொன்றைக் கையிலெடுக்கும் மாணவனுக்கு நேரமும் ஊக்கமும் அளிப்போமாக. அன்னை கல்லூரி நீடு வாழ்க!